முப்பத்தொரு கத்திகள்

1

இந்தக் கதை என்னுடையதல்ல என்று தொடங்கத்தான் ஆசை. மனோதத்துவம் முதலாண்டில் எங்களுக்கு நினைவு பற்றிய பாடம் எடுத்த நொயெமி சுபெல்தியாவின் கதை என்று சொல்லிவிட்டு நான் ஓரமாக உட்கார்ந்துகொள்ளலாம். பதினான்கு வருடமாக அப்படித்தான் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு வரைவும் மூன்றாம் பக்கத்தில் பொய்யாகிவிடுகிறது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மனிதரை இரண்டு பேர் கைகாட்டிச் சிறைக்கு அனுப்பினோம். ஒருத்தி என்னோடு படித்த ரொசீயோ. இன்னொருவன் நான், ஃபெர்மின்.

எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதமாட்டேன். பரானா ஆற்றங்கரையில் ஒரு நகரம், அவ்வளவு போதும். பஸ் ஸ்டாப்பில் நிற்கும் நாலு பேரில் ஒருவர் மனநல ஆலோசகராகவும் மற்ற மூவர் அவரிடம் போகிறவர்களாகவும் இருக்கும் ஊர். ஆலைகளை ஒவ்வொன்றாக இழுத்து மூடிக்கொண்டிருந்த வருடங்கள். ரோட்டில் டயரைக் கொளுத்தி மறியல் செய்வது மழை மாதிரி சாதாரணமாகியிருந்தது.

2

முதல் தொடக்கம்: "கதவைக் காலால் உதைத்துக்கொண்டு அவன் உள்ளே வந்தான்."

அடித்துவிட்டேன். கதவு அன்று திறந்துதான் கிடந்தது. உதைத்ததை நானாகச் சேர்த்திருக்கிறேன். எப்போது சேர்த்தேன் என்று தெரியவில்லை.

இரண்டாவது தொடக்கம், அதற்கு முந்தின நாளிலிருந்து.

நொயெமிக்கு அப்போது நாற்பத்தாறு வயது. கீழ்வீட்டுத் தெல்மாவின் தம்பி அன்செல்மோ கொதோயை மாடிக்குக் கூப்பிட்டு, மாத்தே என்ற கசப்பு இலைத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அன்செல்மோ குளிர்சாதனப் பெட்டி ஆலையில் வெல்டராக இருந்தவர். ஆலை மூடியபோது மறியலில் உட்கார்ந்து, ஒரு நாள் லாக்கப்பிலும் இருந்துவிட்டு வந்தவர். பேட்டைத் தேவாலயத்தில் ஈஸ்டர் நாடகம் போட்டால் வருடாவருடம் ரோமாபுரிச் சிப்பாய் அவர்தான்.

"நாப்பது செகண்டுதான் அன்செல்மோ. உள்ள வரீங்க, கத்துறீங்க, மேசை மேல இருக்கற என் பையத் தூக்கிட்டு ஓடுறீங்க."

"பசங்க யாராச்சும் தொரத்திட்டு வந்து என் மூஞ்சியப் பேத்துட்டா?"

"சைக்காலஜி படிக்கற பசங்க. எந்திரிக்க மாட்டாங்க. ஏன் எந்திரிக்கலைன்னு அப்புறம் ஒரு மணி நேரம் பேசுவாங்க."

அன்செல்மோ சிரித்ததில் மாத்தே புரையேறியது.

"கையில ஏதாச்சும் வேணுமா?"

"உங்க மூக்குக்கண்ணாடிக் கூடு போதும். கறுப்பா இருக்குல்ல, அது."

காசு பற்றிப் பேச்செடுத்தபோது அவர் கையமர்த்தினார். "வேலையில்லாதவனுக்கு ஒரு வேலை குடுக்கறீங்க. கேன்டீன்ல பொரிச்ச கறி மிலனேசா ஒண்ணு வாங்கிக் குடுங்க. முட்ட போட்டு."

(இந்தப் பேச்சு நடந்தபோது நான் அங்கே இல்லை. நொயெமி என்னிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறார். இரண்டாம் முறை சொன்னபோது முட்டை இல்லை.)

3

அன்செல்மோ வந்தார், கத்தினார், பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். யாரும் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது வரிசையில் இருந்த நான், வெட்கத்தோடு சொல்கிறேன், பேனாவை மூடினேன்.

நொயெமி பலகையில் சாய்ந்து நின்று புன்னகைத்தார். "பயப்படாதீங்க, நான் ஏற்பாடு பண்ணினதுதான். பேப்பர எடுங்க. வந்தவர் எவ்வளவு உயரம், என்ன போட்டிருந்தார், கையில என்ன இருந்துச்சு? பக்கத்துல இருக்கறவங்ககிட்ட பேசாம எழுதுங்க."

எண்பத்து மூன்று தாள்கள். தாடி என்றார்கள் சிலர். கம்பளித் தொப்பி என்றார்கள் சிலர். அன்செல்மோவுக்கு இரண்டுமே இல்லை. கையில் இருந்தது கத்தி என்று எழுதியவர்கள் முப்பத்தொரு பேர்.

"நினைவுன்னா பெட்டியில போட்டு வெச்ச போட்டோ இல்ல," என்றார் நொயெமி. "ஒவ்வொரு தடவையும் புதுசா சமைக்கறோம். வீட்ல இருக்கற சாமானப் போட்டுத்தான் சமைப்போம்."*

அடுத்து அன்செல்மோவை உள்ளே கூப்பிட்டு எல்லோரிடமும் காட்டுவதாகத் திட்டம். அவர் குனிந்து வணங்குவார், கண்ணாடிக் கூட்டைத் தூக்கிக் காட்டுவார், வகுப்பு கைதட்டும். கூப்பிட வாயெடுத்த நேரத்தில் மாணவர் சங்கத்துக்காரர்கள் ஒலிபெருக்கியோடு நுழைந்தார்கள். அந்த நிமிடத்திலிருந்து வேலைநிறுத்தம். வகுப்பு கலைந்தது. கேன்டீனில் காத்திருந்த அன்செல்மோ மிலனேசாவைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்.

அவர் யார் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

* அன்றைய குறிப்பேட்டில் இதற்குக் கீழே நான் எழுதியிருப்பது: "முகம் ஓர் அறையில் தங்கும். அதை எங்கே பார்த்தோம் என்பது வேறு அறையில் தங்கும். முதலாவது திறந்திருக்கும்போது இரண்டாவது பூட்டியிருக்கலாம்." இரண்டு முறை அடிக்கோடு இட்டிருக்கிறேன். தேர்வில் பத்துக்கு எட்டு மதிப்பெண்.

4

வேலைநிறுத்தத்தின் பதினோராம் நாள், சாயங்காலம். கல்லூரிக்கு எதிரே ஒமாரின் ஜெராக்ஸ் கடை மட்டும் திறந்திருந்தது. ஒமார் பருமனான, வாயாடி மனிதர். "இதையெல்லாம் படிச்சுப் பைத்தியமாகறதுக்கு ஃபுட்பால் பாருங்கடா" என்று சொல்லிக்கொண்டே நகல் எடுப்பார். ரொசீயோவும் நானும் வரிசையில் இருந்தோம். ஒருவன் வந்தான். கல்லாவைக் கேட்டான். ஒமார் ஏதோ கேலியாகச் சொன்னார். அவன் குத்திவிட்டு ஓடினான். எல்லாம் பதினைந்து செகண்டு இருக்கும். நான் பார்த்தது ஒரு முதுகையும் பாதிக் கன்னத்தையும்.

"அந்தப் பாதிக் கன்னத்தை நான் ஒருபோதும் –" வேண்டாம். இந்த வாக்கியத்தை நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறேன். இங்கே வேண்டாம்.

ஒமார் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்தார்.

காவல் நிலையத்தில் எங்களைத் தனித்தனியாக உட்காரவைத்து ஒரு தடித்த ஆல்பத்தைக் கொடுத்தார்கள். மறியலில் பிடிபட்டவர்களின் படங்களும் அதில் இருந்தன. எனக்குத் தெரிந்த ஒரே முகம் அன்செல்மோவுடையது. தெரிந்த முகம் என்றவுடன் உடம்பு சில்லிட்டது. அந்தச் சில்லிப்பை நான் பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

"இவரா இருக்கலாம்னு நினைக்கறேன்," என்றேன்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "தம்பி, அந்தப் பொண்ணும் இதே ஆளத்தான் காட்டுச்சு. சாகற வரைக்கும் இந்த மூஞ்சிய மறக்க மாட்டேன்னு அழுவுது."

"அப்ப இவர்தான்," என்றேன்.

முதல் வாக்கியத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையில் எனக்குப் புதிதாக எதுவும் தெரியவரவில்லை. ஆனால் இரண்டாவதைச் சொல்லும்போது எனக்குள் சந்தேகம் என்று எதுவும் இல்லை.

5

மறுநாள் காலை தெல்மா மாடிப்படியேறி ஓடிவந்து நொயெமியின் கதவைத் தட்டினாள். "அன்செல்மோவைப் புடிச்சுட்டுப் போயிட்டாங்கம்மா. உங்க காலேஜு பசங்க ரெண்டு பேரு சாட்சியாம்."

நொயெமிக்கு உடனே புரிந்துவிட்டது. எண்பத்து மூன்று தாள்களையும் அள்ளிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனார். வழக்கு வருவதற்குள் ஏழு மாதம் ஓடியது. அதற்குள் அவர் நினைவு எப்படித் தவறும் என்று முன்னூறு பக்கம் எழுதித் தயாராக இருந்தார். சாட்சிக் கூண்டில் அவரை நிற்கவைத்து அரசு வழக்கறிஞர் கேட்டது நாலே கேள்வி.

"டாக்டர், வகுப்புல கத்தியப் பாத்ததா எத்தனை பேர் எழுதியிருக்காங்க?"

"முப்பத்தொரு பேர். ஆனா கத்தியே இல்ல, அதுதான் விஷயமே..."

"முப்பத்தொரு பேர். கத்தி இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணாடிக் கூடு கொண்டுவரச் சொன்னதே நான்தான்."

"சொன்னீங்க. அத அவர் கையில பாத்தீங்களா?"

அந்த நாற்பது செகண்டும் நொயெமி அன்செல்மோவைப் பார்க்கவே இல்லை. "நான்... பசங்க மூஞ்சியப் பாத்துட்டிருந்தேன்."

"ஆக, பாக்கல. பையத் தூக்கிட்டு ஓடறது எப்படின்னு இவருக்கு ஒத்திகை குடுத்தது நீங்கதானே?"

வெளியே வராந்தாவில் நொயெமி ரொசீயோவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ரொசீயோ, வகுப்புக்கு வந்தவர் இவர்தாம்மா. நீ அங்கதான் இவரப் பாத்திருக்க."

ரொசீயோ பொய் சொல்கிறவள் இல்லை. அதனால்தான் இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. "இல்ல மேடம்," என்றாள் பொறுமையாக. "வகுப்புக்கு வந்தவர எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அவருக்குத் தாடி. இவர் வேற."

நொயெமி என் பக்கம் திரும்பினார். எனக்குள் ஏதோ ஆடியது. அப்போதுதான் நான் பேசியிருக்கவேண்டும். ஒமாரின் மனைவி மூன்றடி தள்ளி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தரையைப் பார்த்தேன்.

பன்னிரண்டு வருடம் தீர்ப்பானது.

6

(இந்தப் பகுதியை நீக்கச் சொல்லி நொயெமி கேட்டார். பிறகு, இதை நீக்கினால் மற்றதையும் நீக்கிவிடு என்றார்.)

முதல் இரண்டு வருடம் நொயெமி மாதம் தவறாமல் சிறைக்குப் போனார். மூன்றாம் வருடம் ஒரு நாள் பஸ்ஸில் போகும்போது அவருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அன்றைக்கு மாத்தே குடிக்கும்போது அன்செல்மோ, "காலேஜுக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடை இருக்கே, நல்லா ஓடுமா?" என்று கேட்டார். கேட்டாரா? கேட்ட மாதிரி இருந்தது. கல்லூரிக்கு வரும் வழியை, எந்த நேரத்தில் எங்கே கூட்டம் குறையும் என்பதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது தானே என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் மார்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. மூன்று வருடத்தில் முதல்முறையாக அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினார். அடுத்த மாதம் சிறைக்குப் போகவில்லை. அதற்கடுத்த மாதமும் போகவில்லை.

ஒருவருக்கு நாம் தீங்கு செய்துவிட்டால், அவர் அதற்குத் தகுதியானவர்தான் என்று மனம் காரணம் தேடிப் பிடிக்கும். முதலாண்டில் ஒன்பதாவது பாடம் இது. வருடாவருடம் எடுப்பவர் அவரேதான். அந்த வருடமும் எடுத்தார். பாதிப் பாடத்தில் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வகுப்பைவிட்டு வெளியேறி, கழிப்பறையில் வாந்தி எடுத்தாராம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி சிறைக்குப் போனார். அன்செல்மோ, "ஒடம்பு சரியில்லையா ரெண்டு மாசமா?" என்று மட்டும் கேட்டார்.

நான் வாய் திறக்க ஐந்து வருடம் ஆயிற்று. வழக்கை மறுபடி எடுக்கச்சொல்லி மனு கொடுத்தோம். நீதிபதி கனிவானவர். தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"கண்ண மூடி அந்தக் கடைய நெனச்சுப் பாருங்க. யார் தெரியுது?"

"அவர்தான் தெரியறார் ஐயா. ஆனா அவர் இல்லைன்னு எனக்குத் தெரியும்."

"முகம் தெரியுதா, தெரியலையா?"

"தெரியுது. ஆனா..."

எழுத்தர் தட்டச்சு செய்தார்: சாட்சி முன்பு சொன்னதையே உறுதி செய்கிறார்.

தெரியவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அவர் அன்றே வெளியே வந்திருக்கலாம். சத்தியப் பிரமாணம் எடுத்திருந்தேன். அதை மதித்தேன். இந்த ஒரு வாக்கியத்தைத்தான் பதினான்கு வருடமாக எழுதிக் கிழிக்கிறேன்.

7

எட்டாம் வருடம் அன்செல்மோவை நன்னடத்தையில் விட்டார்கள். இரண்டு வாரம் கழித்து நொயெமி என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தெல்மா கதவைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்செல்மோ சாப்பாட்டு மேசை முன் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். முன்பற்கள் இரண்டு இல்லை.

"நான் ஃபெர்மின்," என்றேன். "நான்தான்..."

"தெரியும். உக்காரு." மாத்தேயை என் பக்கம் நகர்த்தினார். "சின்னப் பையனா இருந்த. முடியெல்லாம் கொட்டிப்போச்சே."

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். ஆரம்பிப்பதற்குள் அவர் நொயெமியிடம் பேசத் தொடங்கினார்.

"உள்ள ஒரு குழு இருந்துச்சு நொயெமி. உங்கள மாதிரி படிச்ச ஒரு அம்மா வருவாங்க. வாராவாரம் வட்டமா உக்காந்து அவனவன் செஞ்சதச் சொல்லணும். செய்யலைன்னு சொன்னா, 'இவன் இன்னும் ஒத்துக்கல'ன்னு எழுதிடுவாங்க. எழுதிட்டா வெளிய விடமாட்டாங்க. நாலு வருசம் செய்யலைன்னேன். அஞ்சாவது வருசம், சரி, செஞ்சேன்னேன்."

"அது எனக்குத் தெரியும். அதுல தப்பே இல்ல அன்செல்மோ."

"இருங்க. சும்மா செஞ்சேன்னா விடமாட்டாங்க. வெவரமா சொல்லணும். எந்தப் பக்கமா உள்ள போன, அந்த ஆள் என்ன சொன்னான், கத்திய எங்க போட்ட. வாராவாரம் சொன்னேன். மொதல்ல ஜோடிச்சுத்தான் சொன்னேன்." விரலால் மேசைமேல் கோடு இழுத்தார். "அப்புறம் ஒருநாள் ஜோடிக்காமலே வந்துச்சு. மெசினு ஓடிட்டிருக்கு. மூடிக்கு அடியில பச்சையா ஒரு வெளிச்சம் இந்தப் பக்கம் போகுது, அந்தப் பக்கம் வருது. அந்த ஆளு மூஞ்சில அது படுது. இப்பக் கண்ண மூடினாலும் தெரியுது."

அன்று கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. என்னுடைய பக்கங்களைத்தான் ஒமார் எடுத்துக்கொண்டிருந்தார். பச்சை வெளிச்சம் இருந்தது. அதை நான் எந்த வாக்குமூலத்திலும் சொன்னதாக நினைவில்லை. (நினைவில்லை என்று நான் எழுதினால் அதற்கு என்ன மதிப்பு என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள்.) ஜெராக்ஸ் மெஷின் எல்லாமே அப்படித்தான் ஓடும், யாருக்கும் தெரிந்த விஷயம் அது என்று நொயெமி திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார். இரண்டு முறை சொன்னார்.

"நீங்க ரெண்டு பேரும் படிச்சவங்க," என்றார் அன்செல்மோ. "எனக்கு இத மட்டும் சொல்லுங்க. நான் செஞ்சேனா?"

"இல்ல," என்றார் நொயெமி உடனே. வகுப்பில் பேசும் குரல்.

அன்செல்மோ அவரைப் பார்த்துத் தலையாட்டினார், ஒரு குழந்தையின் பேச்சைக் கேட்டுக்கொள்வதுபோல. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இவங்க அந்தக் கடையில இல்ல. நீ இருந்த. நீ சொல்லுப்பா."

நான் ஒரு பதில் சொன்னேன். அதையும் அதற்கடுத்து நடந்ததையும் மூன்று வரைவுகளில் மூன்று விதமாக எழுதியிருக்கிறேன். ஒன்றில் அவர் அழுகிறார், ஒன்றில் என்னை வெளியே போகச் சொல்கிறார், ஒன்றில் சரி என்று மட்டும் சொல்லிவிட்டு மாத்தேயில் வெந்நீர் ஊற்றுகிறார். எது நடந்தது என்று எனக்கு இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூன்றும் ஒரே அளவு தெளிவாக இருக்கின்றன. அதனால் மூன்றையும் இங்கே வைக்கவில்லை.

அன்செல்மோவைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் நான் சொல்லித்தான். இருந்தாலும் இந்த இடத்தில் நான் எழுந்துகொள்கிறேன், நீங்கள் உட்காருங்கள். அவர் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.