பகவதிப்பெருமாளின் தொண்டைக்கட்டு

பகவதிப்பெருமாள் கடையில் உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடும். கட்சி மேடையில் ஏறினால் ஓட்டு படுத்துவிடும். எதிராளியைக் குறைத்துப் பேச அவருக்கு வாய் வராது என்பதைத் தவிர அவரிடம் வேறு குறையே கிடையாது.

கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் அவருக்கு மிக்சி, கிரைண்டர் கடை. அப்பா நாகர்கோவிலிலிருந்து வந்து போட்டது. பெரிய கட்சிகள் இரண்டும் தங்களுக்குள் அடித்துக்கொண்ட ஒரு வருஷம், சின்னக் கட்சி ஒன்றின் சார்பில் நின்று மாநகராட்சிக் கவுன்சிலரானார். அந்த ஐந்து வருஷமும் மனைவி சற்குணம் கடையைப் பார்த்துக்கொண்டாள். பக்கத்துக் கடையையும் வாங்கிச் சேர்த்தாள்.

அடுத்த தேர்தலில் நடுச்சந்தியில் மைக்கைப் பிடித்து, "எதிர்த்து நிக்குத பிரிஸில்லா டீச்சர் என்னை விட நல்லா உழைப்பாங்க, கேட்டேளா" என்று பேசினார். ஜனங்கள் அவர் சொல்லை நம்பி டீச்சருக்கே போட்டார்கள்.

தோற்ற மறுநாளே கடைக்கு வந்துவிட்டார். கிரைண்டர் வாங்க வந்த தம்பதியிடம், "வீட்டுல ரெண்டு பேருதானே? மிக்சி மதி, கிரைண்டர் எதுக்கு?" என்றார். மிக்சிக்கு விலை கேட்டார்கள். பழையதில் பிளேடு மாற்றினாலே ஓடும் என்றார். பிளேடு எதிர்க்கடையில் நன்றாக இருக்கும் என்று வாசல்வரை வந்து கை காட்டினார். சற்குணம் கல்லாவில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலரை வருஷம் பொறுத்தாள். பிறகு ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் கட்சி ஆபீஸுக்கு ஆட்டோ பிடித்தாள்.

வார்டுச் செயலாளர் சத்தியதாஸ் கையெடுத்துக் கும்பிட்டார். "அக்கா, அண்ணாச்சி தங்கமான ஆளு. ஆனா மைக்கைக் கொடுத்தா நம்மளையே தோப்பிச்சிருவாரு."

"மைக் கொடுக்காண்டாம். தொண்டைக்கு சுகமில்லன்னு சொல்லுங்க. பேசுகதுக்கு நான் இருக்கேன்."

சீட்டு கிடைத்தது. சற்குணம் அவர் கழுத்தில் மப்ளரைச் சுற்றினாள்.

"ஏட்டி, எனக்குத் தொண்டையில ஒண்ணும் இல்லியே?"

"இருக்கு. ரிசல்ட் வரைக்கும் இருக்கும்."

வீடு வீடாகப் போனார்கள். அவள் பேசினாள், அவர் தலையாட்டினார். வேட்பாளர் வாய் திறக்காததால் ஜனங்கள் திறந்தார்கள். ஓடை அடைப்பில் தொடங்கி மருமகள் வரைக்கும் சொன்னார்கள். "இவ்வளவு நேரம் இருந்து கேக்குத ஸ்தானார்த்தி வேற உண்டா?" என்று வேட்பாளரைப் பற்றித் தெருவெல்லாம் பேச்சு.

பிரசாரத்தின் கடைசி நாள், எல்லாக் கட்சியும் மேளத்தோடு ஒரே சந்தியில் கூடும் கொட்டிக்கலாசம். சந்தியின் ஒருபுறம் இவர்களுடைய செண்டை, மறுபுறம் இந்தத் தடவையும் நிற்கும் டீச்சருடையது. பிரிஸில்லா டீச்சர் ஜீப்பில் நின்று பேச வாயெடுத்ததும் மைக் செத்துப்போனது.

"தெய்வம் உண்டு!" என்று குதித்த சத்தியதாஸ் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பகவதிப்பெருமாளைக் காணோம். அவர் எதிரணி ஜீப்பில் ஏறி, ஆம்ப்ளிபயரின் மூடியைக் கழற்றி, பல்லால் ஒயரைச் சீவிக்கொண்டிருந்தார். முறுக்கி மாட்டிவிட்டு மைக்கைத் தட்டினார்.

"ஒண்ணும் இல்ல டீச்சர், ஒரு ஒயரு விட்டிருந்து. இனி பேசுங்க."

அவருடைய வெண்கலக் குரல் நாலு தெருவுக்கும் கேட்டது. செண்டைகள் நின்றன. சற்குணம் தலையில் கை வைத்தாள்.

டீச்சர் கண்ணை அகல விரித்தார். "அண்ணா, தொண்டை சரியாச்சா?"

மைக் அப்போதும் அவர் கையில்தான் இருந்தது. "தொண்டைக்கு ஒரு குழப்பமும் இல்ல டீச்சர். பேசப்படாதுன்னு வீட்டுல உத்தரவு."

சந்தி முழுக்கச் சிரித்தது. எதிரணிச் செண்டைக்காரன் கோலைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். டீச்சரும் சிரித்துச் சிரித்துப் பேச வந்ததையே மறந்துபோனார்.

முப்பத்தேழு ஓட்டில் பகவதிப்பெருமாள் ஜெயித்தார்.

மாலை போடும்போது சத்தியதாஸ் மகிழ்ச்சியில், சீட்டு கேட்டு வந்தது சற்குணம்தான் என்று உளறிவிட்டார். மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது பகவதிப்பெருமாள் மனைவியிடம் கேட்டார். "நாட்டுக்கு சேவை செய்யட்டும்னா போய் சீட்டு கேட்டே?"

"கடைக்கு சேவை. நீங்க இன்னும் அங்க இருந்தா ரெண்டு வருஷத்துல பூட்டிருவோம்."

அவருக்குச் சுருக்கென்றது. டம்ளரைக் கீழே வைத்தார்.

"அஞ்சு வருஷம் கழிஞ்சா?" என்றார் மெதுவாக.

"எம்.எல்.ஏ. ஆக்கிருவேன்," என்று சற்குணம் கடைச்சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.