வெளக்குல ஊத்துன எண்ணெ

அப்பாதுரை மெட்ராஸுக்குப் போன அன்னிக்கு, சாமி ரூம் வெளக்கு விடியற வரைக்கும் அணையல. கஸ்தூரி கன்னத்துல போட்டுக்கினா. "அண்ணாமலையாரே வந்து நின்னிருக்காருடி! ஒங்கப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது."

வெளக்கு ஏன் அணையலன்னு பொண்ணு திரௌபதிக்குத் தெரியும்.

ரெண்டு மாசமா அப்பாவுக்கு வெளிக்கிப் போறப்ப ரத்தம். நுனியில லைட்டு வெச்ச குழாய வுட்டுக் கொடலப் பாக்கணும்னு மெட்ராஸ் டாக்டர் சொல்லியிருந்தாரு. முந்தின நாள் பூரா வடிகட்டுன கஞ்சித்தண்ணிதான். ராத்திரி வெளக்கெண்ணெ குடிச்சி, வயித்தக் கழுவி வுட்டுடணும்.

கஞ்சித்தண்ணிய குடிச்ச மனுசன், எண்ணெத் தம்ளர மட்டும் சாமி ரூமுக்கு எடுத்துக்கினு போனாரு. வெளக்கு ரொம்பி வழியற வரைக்கும் ஊத்துனாரு. மீதிய பாட்டில்லயே திருப்பி ஊத்துனாரு. திரும்புனா வாசப்படியில திரௌபதி.

"மொத பஸ்ஸுல அஞ்சு மணி நேரம் ஒக்காரணும்டி. நடு வழியில முட்டிக்கினு வந்துட்டா? பொம்பளைங்க இருக்கற வண்டி, மானம் போயிடும். அம்மாகிட்ட சொல்லமாட்டேன்னு வெளக்கத் தொட்டு சத்தியம் பண்ணு."

தொட்டா. வெளக்கு சுட்டுது.

மாடு கன்னு போடற நேரம்னு கஸ்தூரி வரல. திரௌபதிதான் கூடப் போனா. குழாய வுட்டுப் பாத்து முடிச்ச டாக்டர் மொகம் கடுகடுன்னு இருந்துது. "எண்ணெ குடிச்சீங்களா?"

"குடிச்சேன் சார்."

"குடிச்ச மாதிரி தெரியலியே. நான் பாத்த எடத்துல ஒண்ணுமில்ல. ஆனா பாக்க முடியாத எடம்தான் ஜாஸ்தி. சேத்துத்தண்ணியில டார்ச் அடிச்சா என்னா தெரியும்? கட்டி இருந்தாக்கூட மறைஞ்சி கெடக்கும். ஒழுங்கா குடிச்சிட்டு அடுத்த வாரம் வாங்க."

வூட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னது ஒரே வார்த்த. "ஒண்ணுமில்லன்னுட்டாங்க." கஸ்தூரி சக்கரப்பொங்கல் வெச்சா. அடுத்த வாரம் வந்துது, போச்சு. யாரும் மெட்ராஸ் பேச்சே எடுக்கல.

திரௌபதிக்கு தூக்கம் போச்சு. கண்ண மூடுனா அந்த வெளக்கு அப்பா வயித்துக்குள்ள போவும். கருப்புத் தண்ணி. அந்தாண்ட ஏதோ ஒண்ணு, வெளிச்சம் திரும்பிப் போற வரைக்கும் மூச்ச அடக்கிக்கினு குந்தினு இருக்கும்.

ஒரு ராத்திரி பொழக்கடையில தண்ணி ஊத்தற சத்தம். வாளி வாளியா. அப்பா வந்து படுத்ததும் டார்ச்ச எடுத்துக்கினு போயிப் பாத்தா. கல்லு மேல இன்னும் செவப்பு.

"யம்மா... எழுந்திரு."

"என்னாடி, பேய் கீய் பாத்தியா?"

"வெளக்கு சாமியால எரியலம்மா."

எல்லாத்தையும் கொட்டுனா. "சத்தியம் பண்ணியிருக்கேன்மா. மீறிட்டேன். அப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிடுமா?"

கஸ்தூரி பொண்ணு கையப் புடிச்சி தன் உச்சந்தலையில வெச்சிக்கினா. "அந்த சத்தியம் என் தலையோட போவட்டும். போய்ப் படு."

புருசன எழுப்புனா. "யோவ், எழுந்திரு! மானமாம் மானம். நாளைக்குப் பொணமா வண்டியில ஏத்திக்கினு வந்தா மானம் நிக்குமா?"

"கத்தாதடி. பஸ்ஸுல..."

"எண்ணெ குடிச்சிட்டு பஸ் ஏறவே வாணாம். முந்தின நாளே போயி சைதாப்பேட்டையில எங்கண்ணன் வூட்ல தங்கலாம். அங்க கக்கூஸ் இருக்குது. தம்ளர் காலியாவற வரைக்கும் நான் எதிர்லயே நிப்பேன்."

அப்பாதுரை பொண்ணப் பாத்தாரு. திட்டல. தலைய கீழ போட்டுக்கினாரு.

ரெண்டு பேரும் கெளம்புன அன்னிக்கு, எண்ணெ பாட்டில கஸ்தூரி பையில வெச்சிக்கினா. சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு, திரௌபதி இருட்டுல வெளக்கு முன்னால குந்தினா. திரி காஞ்சி கெடந்துது.

செவுத்துக்கு அந்தாண்ட இருந்து பக்கத்து வூட்டு ஜோதியம்மாள் கொரல் குடுத்தா. "ஏன்டி, வெளக்கு ஏத்தல? எண்ணெ இல்லியா, தரட்டா?"

"வாணாங்க்கா," திரௌபதி சொன்னா. "மொதல்ல அப்பா குடிக்கட்டும், அப்புறம் ஏத்திக்கறேன்."