நான்கு மூலையிலும் மஞ்சள்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. கூச்சப்பட வேண்டிய விஷயம் வேறு இருக்கிறது, அதற்குத்தான் வருகிறேன்.

என் வீட்டுக்காரர் நவநீதன் நிலத் தரகர். தரகர் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். பென்னாகரத்தில் மாடியில் ஓர் அறை பிடித்து 'நவநீதம் ரியல் எஸ்டேட்' என்று போர்டு மாட்டிய நாளிலிருந்து அவர் புரமோட்டர். போர்டு பெரியதுதான். அறைக்குள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஏரியூர்ப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களில் பலர் ஊரில் இல்லை. மழையை நம்பிய மேட்டுக்காட்டைப் போட்டுவிட்டுப் பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். பட்டா மட்டும் இங்கே அவர்கள் பேரில் கிடக்கிறது. அவர்களைப் பிடித்தால்தான் இவருக்குத் தொழில். போனில் கூப்பிட்டால் 'நிலம்' என்ற வார்த்தையைக் கேட்டதுமே வைத்துவிடுகிறார்கள். நோட்டீஸ் அடித்துத் தபாலில் அனுப்பினார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே போனில் ஏதோ வீடியோ பார்த்தவர், எச்சில் கையோடு சமையலறைக்கு வந்தார்.

"அமுதா, கையாலதான் எழுதணுமாம். பேரு போட்டு, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா. அப்பத்தான் ஜனங்க மதிக்கறாங்களாம். உன் எழுத்துலதான் இருக்குது நம்ம பொழப்பு."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அறிவிப்புப் பலகை முழுக்க என் எழுத்தாக இருந்த காலம் ஒன்று உண்டு. கல்யாணமான பிறகு என்னை யாரும் எதையும் எழுதச் சொல்லிக் கேட்டதில்லை.

அவர் சொன்ன சட்டம் ஒன்றுதான். விற்பது, வாங்குவது, விலை, இந்த வார்த்தைகள் கடிதத்தில் எங்கேயும் வரக் கூடாது. "மொதல்ல வரட்டும். வந்து ஒக்காந்து சாப்புடட்டும். அப்பறமா மெதுவா பேச்ச எடுக்கலாம்" என்றார். ஏரியூரில் ஒரு கல்யாண மண்டபத்தை ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வாடகைக்குப் பேசியிருந்தார். முகூர்த்தம் இல்லாத நாள் என்பதால் மலிவாகக் கிடைத்தது.

'நில உரிமையாளர்கள் ஒருங்கிணைப்புக் கூட்டம்' என்று ஆரம்பித்து அவர் ஒரு மாதிரி எழுதிக் கொடுத்தார். படித்தால் தாசில்தார் ஆபீசுக்குக் கூப்பிடுவது போலிருந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு நானே எழுதினேன்.

'பிறந்த மண் உங்களை அழைக்கிறது. எத்தனை வருடமானாலும் நீங்கள் எங்களுக்கு வேற்று மனிதர் இல்லை. உங்களை விட்டுவிட்டு இங்கே எதுவும் செய்ய எங்களுக்கு மனமில்லை. அவசியம் வாருங்கள். வந்து கை நனைத்துவிட்டுப் போங்கள். இப்படிக்கு, ஏரியூரில் உங்களுக்காகக் காத்திருக்கும் உறவுகள்.'

கீழே தேதியும் நேரமும் மண்டபத்தின் பெயரும். அவ்வளவுதான். அவர் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கே அழுவ வருது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மஞ்சளும் என் யோசனைதான். பெங்களூரில் இன்சூரன்ஸ்காரன் கடிதத்தோடு சேர்த்து இதையும் குப்பையில் போட்டுவிடுவார்களோ என்று அவர் கவலைப்பட்டபோது, "நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி அனுப்புங்க, எவன் தூக்கிப் போடறான்னு பாக்கலாம்" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் பிடித்துக்கொண்டார். உறைகளைக் கூடத்தில் பரப்பி வைத்து, மஞ்சளைக் குழைத்து, மூலை மூலையாகத் தொட்டு வைத்தேன். கொஞ்சம் உறுத்தியது. "நல்ல காரியத்துக்குத் தடவறதுங்க இது" என்றேன். "நெலம் கைமாறறதும் நல்ல காரியந்தான்" என்றார். சரி என்று நானும் மேலே தடவினேன்.

அந்த உறைகளில் ஒன்று பெங்களூரில் இருக்கும் தீர்த்தம்மாளுக்கு. அந்த அம்மாளை நான் பார்த்ததில்லை. அவருடைய தம்பி மாரியப்பனைத் தெரியும். ஏரியூர் ரோட்டை ஒட்டி நல்ல நிலம், என் வீட்டுக்காரர் கண் வைத்திருந்த நிலம். ஆனால் பட்டா அக்கா, தம்பி இருவர் பேரிலும் கூட்டாக இருந்தது. அப்பா செத்த பிறகு பங்கு கேட்ட அக்காவோடு மாரியப்பன் பேச்சை நிறுத்தி வருடங்கள் ஓடிவிட்டன. நல்லது கெட்டது எதற்கும் போக்குவரத்து இல்லை. வைகாசியில் மாரியப்பனுடைய மகள் காவியாவின் கல்யாணம் இதே மண்டபத்தில்தான் நடந்தது. அக்காவுக்குச் சொல்லவில்லை என்று பந்தியில் பேசிக்கொண்டார்கள். நாங்களும் போய், மொய் வைத்து, பாயசம் சாப்பிட்டு, அந்தப் பேச்சையும் கேட்டுவிட்டு வந்தோம். முகவரி எழுதும்போது இதெல்லாம் எனக்குத் தெரியும். இருந்தும் என் நினைப்பு முழுக்க 'தீ'க்குப் போட்ட சுழி அழகாக வந்திருக்கிறதா என்பதில்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டப வாசலில் என்னைப் பட்டுச் சேலையில் நிற்க வைத்தார். கையில் பன்னீர்ச் செம்பு. பக்கத்து மேசையில் சந்தனம், கற்கண்டு, குங்குமம். உள்ளே மெல்லிசாக நாதஸ்வர ரெக்கார்டு. எதிர்பார்த்ததை விடக் கூட்டம் வந்தது. ஒவ்வொருத்தர் கையிலும் என் கடிதம். மாரியப்பனும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

வெயில் ஏறிய பிறகு ஓர் அம்மாள் ஆட்டோவிலிருந்து இறங்கினார். அறுபதைத் தாண்டிய வயது. தலைக்குக் குளித்து, கனகாம்பரம் வைத்து, கசங்கிய பட்டுச் சேலையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டார். ஆட்டோக்காரர் பின்னாலிருந்து ஒரு பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துக் கொடுத்தார். அதில் வாழைப்பழம், தேங்காய், பூ, கண்ணாடி வளையல். எல்லாவற்றுக்கும் மேலே அரக்கு நிறத்தில் ஒரு பட்டுச் சேலை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கை பழக்கத்தில் பன்னீரைத் தெளித்தது. அம்மாள் சந்தனத்தைத் தொட்டுக் கழுத்தில் வைத்துக்கொண்டு, கண் கலங்கச் சிரித்தார்.

"நேரமாயிருச்சா கண்ணு? தாலி கட்டிட்டாங்களா? தொப்பூர்ல லாரி கவுந்து..." என்று ஆரம்பித்தவர், தானே தலையை உதறிக்கொண்டார். "இல்ல இல்ல, அது சேலம் பஸ்ஸுக்காரங்க சொன்னது. எங்க பஸ்ஸு ஓசூர்லயே நின்னுருச்சு. பொண்ணு எங்க இருக்குது? காவியா?"

"நீங்க...?" என்றேன்.

"மாரியப்பனுக்கு அக்கா. தீர்த்தம்மா. பொண்ணுக்கு அத்தை." மடியிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். நான் தடவிய மஞ்சள் வியர்வையில் கரைந்து உறை முழுக்கப் பரவியிருந்தது. "எனக்குப் படிக்கத் தெரியாது. பேரப் புள்ளைங்க கன்னடம் படிக்குதுங்க. பக்கத்து வூட்டுப் பொண்ணு நம்மூரு பக்கம், அதுதான் படிச்சுது. மஞ்சளும் தடவி மண்டபத்துப் பேரும் இருக்குதுன்னா, காவியா கண்ணாலந்தான்னு புரிஞ்சு போச்சு. உங்கள வுட்டுட்டு எதுவும் செய்ய மனசில்லன்னு எழுதியிருக்கான் பாரு. திருப்பித் திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேட்டேன்."

"பேரு போடலீங்களே அதுல" என்றேன். அந்த நேரத்திலும் ஒரு சந்து கிடைக்காதா என்றுதான் தேடினேன்.

"ரோசக்காரன். எறங்கி வந்துட்டான்னு தெரியக் கூடாதில்ல, அதான் பேரு போடாம எழுதியிருக்கான்" என்று செல்லமாகத் திட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எம் மவனுக்குத்தான் கோவம். கூடப் பொறந்தவள நேர்ல வந்து வெத்தல பாக்கு வெச்சுக் கூப்புடாம தபால்ல கூப்புடறானே, வெக்கமா இல்லியா போறதுக்குன்னு கேட்டான். இருக்கட்டும்டா, இதாவது வந்துச்சேன்னு கெளம்பிட்டேன்."

அதைக் கேட்டபோது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எங்கள் பக்கம் அக்காவையோ தங்கையையோ யாரும் தபாலில் அழைக்க மாட்டார்கள். வாசலேறிப் போய்த் தட்டு வைத்து அழைக்க வேண்டும். வராமல் போக அதுவே போதுமான காரணம். அந்த அவமானத்தையும் விழுங்கிக்கொண்டு, சேலை எடுத்து, பஸ் மாறி மாறி வந்திருக்கிறார்.

இதற்குள் என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். என்னைத் தூணோரம் இழுத்துப்போய், "தீர்த்தம்மாவா?" என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "கண்ணாலம் முடிஞ்சத சொல்லிராத. இது விருந்து, பொண்ணு மாப்பிள்ள வந்துக்கிட்டிருக்காங்கன்னு சொல்லு. பந்தியில அக்காவையும் தம்பியையும் பக்கத்துல பக்கத்துல ஒக்கார வெச்சுட்டா, கையெழுத்து தானா வந்துரும். குடும்பமும் ஒண்ணு சேந்த மாதிரி ஆச்சு."

"சேத்து வெக்கறதுக்கா கூப்புட்டீங்க?"

"எதுக்குக் கூப்புட்டா என்ன? வந்துட்டாங்களா இல்லியா?"

அவரைச் சொல்லிப் பயனில்லை. அந்தக் கடிதத்தில் அவருடைய வார்த்தை ஒன்றுகூட இல்லை.

நான் திரும்பியபோது தீர்த்தம்மாள் கழுத்தை நீட்டி மண்டபத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் மணவறை இல்லை. மணவறை இருக்க வேண்டிய இடத்தில் பிளாட் வரைபடம் போட்ட பேனரும் அதன் மேல் என் வீட்டுக்காரர் கைகூப்பிச் சிரிக்கும் படமும் இருந்தன. முன்வரிசையில் மாரியப்பன் யாரோ தோளைத் தொட்டுச் சொல்லத் திரும்பினார். அக்காவைப் பார்த்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வருகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் பந்திக் கூடத்தின் பக்கம் திரும்பி, சமையல்கட்டு வழியாக வெளியே போய்விட்டார்.

"போறது அவந்தான?" என்றார் தீர்த்தம்மாள். "நடை அப்படியே எங்கப்பன் நடை."

என் வீட்டுக்காரர் "வாங்கம்மா, வாங்க, மொதல்ல சாப்புடலாம்" என்று கையை விரித்துக்கொண்டு வந்தார். நான் குறுக்கே நின்றேன்.

"அம்மா, காவியாவுக்கு வைகாசியிலயே கண்ணாலம் ஆயிருச்சுங்க. இது கண்ணாலம் இல்லீங்க. நெலம் விக்கற கூட்டம். இவரு என் வூட்டுக்காரரு. கடுதாசி உங்க தம்பி எழுதல. நான்தாங்க எழுதுனேன். எல்லாருக்கும் இதையேதான் எழுதுனேன்."

சொல்லி முடித்தபோது பக்கத்திலிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ரெக்கார்டில் நாதஸ்வரம் மட்டும் ஊதிக்கொண்டிருந்தது. யாராவது அதை நிறுத்தினால் தேவலை என்றிருந்தது.

அம்மாள் சத்தம் போடவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு நின்றிருப்பேன். சுற்றி ஒரு தடவை பார்த்தார். மற்றவர்கள் கையிலிருந்த மஞ்சள் மூலை உறைகள் அப்போதுதான் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

"வைகாசியிலயா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாங்க."

"நீ போயிருந்தியா?"

"போயிருந்தேங்க."

"பொண்ணு நல்லாருந்துச்சா?"

"நல்லாருந்துச்சுங்க" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் அழுகை எதற்கு உதவும்? முந்தானையால் துடைத்துக்கொண்டேன். அவர் நீட்டிய உறையைத் தொட்ட விரலில் மஞ்சள் வாசம் அடித்தது.

தீர்த்தம்மாள் தாம்பாளத்தைப் பார்த்தார். மேலே நழுவியிருந்த சேலையை மடிப்புக் கலையாமல் சரியாக வைத்தார். பிறகு அதை என் பக்கம் நீட்டினார்.

"வேண்டாங்கம்மா..."

"சீருன்னு தூக்கியாந்தத திருப்பி எடுத்துக்கிட்டுப் போனா வூட்டுக்கு ஆவாது. எம் மவன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? கூப்புட்டவ நீதான. மஞ்ச தடவிக் கூப்புட்ட இல்ல? புடி."

குரலில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். எங்கள் ஊர்க்காரர்கள் அத்தனை பேர் முன்னால், கட்டியிருந்த பட்டுச் சேலையோடு, யாரோ ஒரு பெண்ணுக்கு வந்த சீரை நான் வாங்கிக்கொண்டேன்.

"ஒரு வாய் சாப்புட்டுப் போங்கம்மா" என்று கெஞ்சினேன்.

"எதுக்கு?" என்றார்.

அவர் படியிறங்கும்போதுதான் நினைவு வந்தது. சீர் வாங்கிக்கொண்டு ஆளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. தாம்பாளத்தை மேசையில் வைத்துவிட்டு, கொடுப்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். வாசலோரம் அடுக்கி வைத்திருந்த தாம்பூலப் பைகள் மட்டும்தான் இருந்தன. தேங்காய், வெற்றிலை, பாக்கு, கூடவே பிளாட் நோட்டீஸ். அவசரமாக ஒன்றை எடுத்து, உள்ளே கைவிட்டு நோட்டீஸை உருவிக் கசக்கினேன். ஓடிப்போய் ஆட்டோவுக்குள் நீட்டினேன். பையின் மேலேயே என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார், போன் நம்பரோடு. 'நிலம் விற்க, வாங்க' என்று கொட்டை எழுத்தில். கடிதத்தில் நாங்கள் எழுதாமல் மறைத்த வார்த்தைகள்.

பையைப் பின்னால் இழுத்துக்கொள்ள நினைத்தேன். அதற்குள் அவர் கை நீட்டிவிட்டார். படிக்கத் தெரியாத அந்த அம்மாள், முந்தானையை ஏந்திப் பையை வாங்கி, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். பிறகு ஆட்டோக்காரரிடம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகச் சொன்னார்.