புகழ்ந்தால் ஓடும் கம்ப்ரஸர்

காதுக்காரர் பட்டறையில் சுவரோரமாகக் கழட்டிப் போட்டிருந்த பழைய கார் ஏசி கம்ப்ரஸர், அவரை யாராவது புகழ்ந்தால் ஓடியது. பெல்ட் கிடையாது, கரண்ட் கிடையாது, உள்ளே கேஸ் ஒரு பொட்டுகூடக் கிடையாது. உங்களைப்போல ஒரு மெக்கானிக் உண்டா என்று ஒருவர் சொல்லி வாயை மூடுவதற்குள் அதன் முன்தட்டு டக்கென்று ஒட்டிக்கொள்ளும், சக்கரம் சுற்றும், ஐந்து நிமிடத்தில் உடம்பெல்லாம் உறைபனி பூத்துப் பட்டறையே குளிர்ந்துவிடும். ஒப்புக்குப் புகழ்ந்தால் கால் மணி நேரம் ஓடும், மனதாரப் புகழ்ந்தால் ஒரு மணி நேரம் தாங்கும். ஒன்பது கோடை இப்படி ஓடியது. எதிர்க்கடைத் தையல்காரர் மட்டும் முதல் வாரம் கொஞ்சம் ஆச்சரியப்பட்டார். பிறகு அவரும் மதியச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டார்.

அது எப்படி அங்கே வந்தது என்பதைக் காதுக்காரர் யாரிடமும் சொன்னதில்லை. நாம் சொல்லலாம். மகளைக் கட்டிக்கொடுத்த மறு வருஷம், சம்பந்தி தன் காரை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். ஏசி போட்டால் வெறும் காற்றுதான் வருகிறது, குளிரவில்லை என்றார். பெண் கொடுத்த இடம், அதுவும் முதல் தடவையாகப் பட்டறை வாசலை மிதிக்கிறார். காதுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. துடைத்த நாற்காலியையே மறுபடி துடைத்துப் போட்டார். அவருக்கு அந்தப் பட்டப்பெயர் வந்ததே, நீளமான ஸ்குரூடிரைவரின் ஒரு முனையை இன்ஜினில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்து, எங்கே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவதால்தான். அன்றைக்கும் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். மூடின கண்ணோடு, சம்பந்தி தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. கம்ப்ரஸர் உள்ளே நொறுங்கிவிட்டது, வேறு போட வேண்டியதுதான் என்று தீர்ப்புச் சொன்னார். பட்டறையில் அவரோடு பன்னிரண்டு வருஷம் இருந்த வயரிங்காரர் டெஸ்ட் லைட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, தட்டு ஒட்டுற சத்தமே வரலியே. கம்ப்ரஸருக்குக் கரண்ட் வருதான்னு ஒரு தடவ பாத்துட்டுக் கழட்டலாமே?"

"செத்த பொணத்துக்கு ஊசி போடச் சொல்றான் பாருங்க சம்பந்தி," என்றார் காதுக்காரர். சம்பந்தி வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இவருக்குத் தேனாக இருந்தது. வயரிங்காரர் டெஸ்ட் லைட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கேஸை இறக்கிக் கம்ப்ரஸரைக் கழட்டி, புதியதை மாட்டி, குழாய்களில் காற்றை உறிஞ்சி எடுத்து, மறுபடி கேஸ் ஏற்றி முடிக்கையில் மதியம் தாண்டிவிட்டது. இன்ஜினைப் போட்டு ஏசியைத் தட்டினார். புதியதும் பேசவில்லை. சம்பந்தி நாற்காலியில் சட்டை முதுகோடு ஒட்ட உட்கார்ந்து, செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். காதுக்காரர் வயரிங்காரரை டீ வாங்கிவர அனுப்பினார். அவர் தெருமுனை திரும்பியதும், கம்ப்ரஸருக்குக் கரண்ட் கொண்டுவரும் வயரைக் காதுக்காரர் விரலால் தடவிக்கொண்டே போனார். ஹெட்லைட்டுக்குப் பின்னால், கேஸ் அழுத்தம் பார்க்கிற சுவிட்சில் செருகியிருந்த பிளக் களிம்பு பிடித்துப் பச்சையாகக் கிடந்தது. கத்தி முனையால் சுரண்டி அழுத்தினார். டக் என்றது. சில்லென்று காற்று வந்தது. அரை நிமிட வேலை. கழட்டிய பழைய கம்ப்ரஸர் எண்ணெய்த் தரையில் ஒரு குறையும் இல்லாமல் கிடந்தது.

ஏன் இவ்வளவு நேரம் என்று சம்பந்தி கேட்ட நேரத்தில்தான் வயரிங்காரர் டீயோடு உள்ளே வந்தார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு வேறு வழியில் போயிற்று. போன மாதம் மாப்பிள்ளை கொண்டுவந்து உங்கள் காருக்கு ஹாரன் மாற்றியபோது இவன் வயரைக் குழப்பி வைத்துவிட்டான், அதைச் சரிசெய்யத்தான் இவ்வளவு நேரம் என்றார் காதுக்காரர். வேலை தெரியாதவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் உங்கள் பேருமல்லவா கெடும் என்று சம்பந்தி அக்கறையாகச் சொன்னார். வயரிங்காரர் திறந்திருந்த பானெட்டுக்குள் ஒரு பார்வை பார்த்தார். ஊரழுக்கு அத்தனையும் அப்பிய இடத்தில் ஒரு பிளக் மட்டும் பளிச்சென்று இருந்தது. டீயை வைத்துவிட்டுப் போனவர், மறுநாள் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவில் ஒரு மரப்பலகையைப் போட்டுத் தனியாக உட்கார்ந்தார். சம்பந்தி கிளம்பும்போது காதுக்காரரின் தோளைத் தட்டி, கைராசிக்காரர் என்றார். மூலையில் கிடந்த பழைய கம்ப்ரஸர் முதல் தடவையாக அப்போதுதான் ஓடியது.

அதைத் தொலைத்துத் தலைமுழுகிவிட அவர் செய்யாததில்லை. பழைய இரும்புக் கடையில் போட்டார். கடைக்காரர் நாலாம் நாள் மூக்கைச் சிந்திக்கொண்டே திருப்பிக் கொண்டுவந்தார். உங்கள் பேச்சு வந்தாலே இது ஓடுகிறது, எங்கள் கடையிலோ உங்கள் பேச்சு வராத நாளில்லை, எனக்கு ஜலதோஷம் விடமாட்டேன் என்கிறது என்றார். ஏரியில் எறிந்தார். குளிக்க வந்தவர்கள் பேச்சுவாக்கில் அவருடைய வேலையை மெச்ச, வெயில் கொளுத்துகிற பகலில் தண்ணீர்மேல் ஐஸ் படிந்தது. நாலு பேர் கயிறு கட்டி இழுத்து, தோளில் சுமந்துவந்து பட்டறையில் இறக்கிவிட்டுப் பாராட்டினார்கள். அது அங்கேயே மறுபடி ஓடியது. அவர் கழட்டிப் போட்டது கூட வேலை செய்கிறது பார் என்று ஊரில் அவர் பேர் இன்னும் பெருகியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது அவருக்கு.

அப்புறம் கோடை வந்தால் ஊரே பட்டறையில்தான். சுவரோரம் ஒரு நீளமான பெஞ்சைப் போட்டார்கள். முறை வைத்துப் புகழ்ந்தார்கள். வேர்க்குரு வந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வந்தார்கள், உட்கார்ந்த வாக்கில் அவருடைய நேர்மையை இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூங்கவைத்தார்கள். தபால்காரர் அடுக்குமொழியில் புகழ்வார். தையல்காரருக்குச் சொல்வதற்குச் சரக்கு தீர்ந்துபோய், காதுக்காரரின் மீசையைப் புகழ ஆரம்பித்தார். அதற்கும் ஓடியது. காதுக்காரர் ஏதாவது ஒரு காரின் அடியில் படுத்துக்கொண்டு, சும்மா இருக்கிற நட்டை முடுக்கி, முடுக்கியதைத் தளர்த்தி, அத்தனையையும் கேட்டார். ஒவ்வொரு டக்குக்கும் உடம்பு கூசியது. உண்மையைச் சொன்னால் ஒரு நொடியில் நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். சொன்னால் சம்பந்தி முகத்தில் எப்படி முழிப்பது, அந்த வீட்டில் தன் மகள் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள் என்று நினைப்பார். நினைத்து நினைத்து ஒன்பது வருஷம் போயிற்று. அடுத்த தெரு வழியாகப் போவதை மட்டும் விட்டுவிட்டார். எங்கே போவதானாலும் இரண்டு தெரு சுற்றித்தான் போவார்.

ஒன்பதாவது கோடையில் ஊர் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து, பதினோரு நாள் கரண்ட் இல்லை. மகள் தன் இரண்டு மாதக் கைக்குழந்தையோடு பட்டறைக்கு வந்துவிட்டாள். குழந்தை உடம்பெல்லாம் வேர்க்குரு, வெளியே கொண்டுபோனால் வீறிட்டு அழுதது. சம்பந்தியும் வந்து பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து, வேளை தவறாமல் கைராசியைப் புகழ்ந்தார். ஆறாம் நாள் முற்பகலில், வயரிங்காரர் தன் மனைவியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். ஆபரேஷன் முடிந்து வந்த உடம்பு அவளுக்கு, புழுக்கத்தில் மயக்கம் வந்துகொண்டே இருந்தது. யாரோ நகர்ந்து இடம் விட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்தால் முறை வரும், முறை வந்தால் புகழ வேண்டும், இதில் ஆள் பார்ப்பதில்லை. தையல்காரர் முடித்தார். எல்லோரும் வயரிங்காரரைப் பார்த்தார்கள். காருக்கடியில் காதுக்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

வயரிங்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அண்ணன் தப்பா ஒரு சொல்லு சொல்ல மாட்டாரு. அடுத்தவன் வயித்துல அடிக்க மாட்டாரு."

கம்ப்ரஸர் இதுவரை ஓடாத ஓட்டம் ஓடியது. சுவரில் பனி ஏறியது, பெஞ்சின் கால்கள் வெளுத்தன, வயரிங்காரர் மனைவி நிம்மதியாக மூச்சை இழுத்துவிட்டாள், குழந்தை தூக்கத்தில் சிரித்தது. காதுக்காரர் காருக்கடியிலிருந்து முழங்கையால் ஊர்ந்து வெளியே வந்தார். எழுந்து நிற்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே, பச்சைக் களிம்பு பிடித்த பிளக்கில் ஆரம்பித்து, டீ வாங்க அனுப்பியது, ஹாரன் வயர், தோளைத் தட்டியது வரை ஒன்று விடாமல் சொன்னார். மகள் இருக்கிறாளே என்று பார்க்கவில்லை, சம்பந்தி இருக்கிறாரே என்றும் பார்க்கவில்லை. அவர் சொல்லி முடிக்கும் முன்பே சக்கரம் நின்றுவிட்டது.

சுவரில் இருந்த பனி உருகித் தண்ணீராக வழிந்தது. சம்பந்தி எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெயிலில் இறங்கிப் போனார். ஐந்து நிமிடத்தில் பட்டறை அடுப்பாகிவிட்டது. குழந்தை அழ ஆரம்பித்தது. தபால்காரர் பொறுக்கமாட்டாமல், உண்மையை ஒத்துக்கொண்ட இந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும் என்று புகழ்ந்து பார்த்தார். கம்ப்ரஸர் அசையவில்லை. மகள் அப்பாவின் பக்கம் திரும்பவே இல்லை. குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, சின்ன வயதிலிருந்து கூப்பிட்டு வந்தபடியே வயரிங்காரரைக் கூப்பிட்டாள்.

"சித்தப்பா, நீங்க கொஞ்சம் பாருங்களேன்."

வயரிங்காரர் அதன்முன் குந்தி உட்கார்ந்தார். தட்டைக் கையால் சுற்றிப் பார்த்தார், எந்தத் தடையும் இல்லாமல் சுற்றியது. தட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே நகத்தை விட்டு இடைவெளி பார்த்தார். அறுந்து தொங்கின வயரின் முனையைத் துடைத்துப் பார்த்தார். ஒன்பது வருஷத்துக்கு முன் செய்ய விடாத வேலையை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் செய்து முடித்தார்.

"கம்ப்ரஸர்ல ஒண்ணுமில்லண்ணே," என்றார். "நல்லாத்தான் இருக்கு. அன்னைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

டக் என்றது.

அதற்குப் பிறகு அது நிற்கவில்லை. யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, அது பாட்டுக்கு ஓடுகிறது. மழைக்காலத்தில் மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடி வைக்கிறார்கள். வயரிங்காரர் பட்டறைக்குத் திரும்பவில்லை, தன் பலகையிலேயே இருக்கிறார். குளிரவில்லை என்று எந்தக் கார் வந்தாலும் காதுக்காரர் பானெட்டைத் திறக்காமல், முதலில் அடுத்த தெருவில் காட்டிவிட்டு வாருங்கள் என்று அனுப்புகிறார். இரண்டு தெரு சுற்றிப் போவதையும் விட்டுவிட்டார். வயரிங்காரரின் பலகையைத் தாண்டும்போது தலை தானாகக் குனிகிறது, குனிந்தபடியே போகிறார். மகள் புகுந்த வீட்டில் சில மாதம் பேச்சுக் கேட்டாள், அதையும் அவர் அறிவார். சம்பந்தி எட்டு மாதம் அந்தப் பக்கம் வரவில்லை. ஒன்பதாவது மாதம், காரை வயரிங்காரரின் பலகைமுன் நிறுத்தி அவரோடு நெடுநேரம் என்னவோ பேசிவிட்டு, நடந்து பட்டறைக்கு வந்தார். காதுக்காரர் நாற்காலியைத் துடைக்கப் போனார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு பெஞ்சிலேயே உட்கார்ந்தார் சம்பந்தி. கொஞ்சம் இடைவெளி விட்டு காதுக்காரரும் உட்கார்ந்தார். இருவரும் சாயங்காலம்வரை இருந்தார்கள், யாரும் யாரையும் புகழவில்லை. குளிராகத்தான் இருந்தது.