தண்ணிக்கு மேலே பாதி விசிறி

ஜீவக நைனாருக்கு அலுத்துப் போயிருந்தது. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் கரைக்கு இது மூன்றாவது நடை. டூல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவதும், போன வேலை விளங்காமல் திரும்புவதும், வீடு சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டதால் வெறும் வயிற்றோடு படுப்பதுமே பிழைப்பாகிவிட்டது. சமணக் குடும்பம், பொழுது போன பிறகு பச்சைத் தண்ணீர் கிடையாது. ஐம்பது வருஷமாகக் காத்த பழக்கத்தை ஒரு ஓட்டைப் படகுக்காக விட்டுவிடுவாரா மனுஷன்?

படகு பெரியதம்பியுடையது. இரண்டு ஓடங்களைப் பலகை போட்டு ஒன்றாகச் சேர்த்த பழைய மோட்டார் படகு. குயிலாப்பாளையம் பக்கம் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. மீன் பிடிக்கிற படகாயிருந்தால் நைனார் தொட்டிருக்கவே மாட்டார். ஜனங்களை ஏற்றிக் கடலில் சுற்றிக் காட்டத்தான் என்று சொன்ன பிறகே ஒத்துக்கொண்டார். பழைய எஞ்சின் போய், கனமான டீசல் எஞ்சின் மாட்டியதிலிருந்து படகு ஓடவில்லை, நகர்கிறது. அதுதான் புகார்.

முதல் நாள் பார்த்தபோது நைனாருக்குச் சிரிப்புதான் வந்தது. எஞ்சினிலிருந்து வரும் ஷாஃப்ட் பின்பக்கமாக நேரே நீட்டிக்கொண்டிருந்தது. வேகம் எடுத்தால் அதன் நுனியில் படகைத் தள்ளுகிற விசிறியின் தலை தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்த்தது. இருபத்தைந்து வருஷமாக வேர்க்கடலை விளைகிற மல்லாட்டைக் கொல்லைகளில் பம்ப்செட் ரிப்பேர் பார்க்கிற ஆள் அவர். கிணற்றுக்குள் குழாயின் அடியிலுள்ள ஃபுட்வால்வு தண்ணீருக்கு அரை அங்குலம் வெளியே தெரிந்தாலும் பம்பு காற்றை இழுத்துச் செத்துப்போகும். இது தெரியாதா அவருக்கு?

"காத்து இழுக்குதுபா. கீழ எறக்கணும்," என்றார். ஷாஃப்டைத் தாங்கும் பிராக்கெட்டை அறுத்து நாலு அங்குலம் இறக்கி வெல்டிங் வைத்தார். படகு இன்னும் மந்தமானது. அடுத்த வாரம் இன்னும் இரண்டு அங்குலம் இறக்கினார். எஞ்சின் கரும்புகை கக்கியது.

"வெள்ளக்காரரு வெச்சிருந்த மாரியே உட்டிருக்கலாம் போலக்கீதுங்க நைனாரே," என்று பெரியதம்பி இழுத்தார்.

"அவருக்குப் பம்ப பத்தி இன்னா தெரியும்?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார் நைனார்.

இன்றைக்குக் கரையில் ஒரு லாரி நின்றது. விழுப்புரத்திலிருந்து கிருஷ்ணசாமி என்பவர் தன் கரும்புத் தோட்டத்துக் கிணற்றுக்கு அந்த எஞ்சினைக் கேட்டு, இரண்டு ஆட்களோடு வந்திருந்தார். இன்றும் ஓடாவிட்டால் கழற்றிக் கொடுப்பதாகப் பேச்சு. எஞ்சின் போனால் படகு வெறும் விறகு. பெரியதம்பியும் அவர் பெண்சாதி முனியம்மாளும் மறுபடி உப்பளத்துக்குத்தான் கூலிக்குப் போகவேண்டும். முனியம்மாளின் பாதங்களில் பழைய உப்பு வெடிப்புகளே இன்னும் ஆறவில்லை.

முனியம்மாளைக் கரையில் விட்டு எல்லோரும் படகில் ஏறினார்கள், பெரியதம்பி ஓட்டினார். விசிறியைப் பார்க்க வேண்டுமென்று கிருஷ்ணசாமி, அவருடைய ஆட்கள், நைனார் என்று அத்தனை பேரும் பின்பக்கம் குந்திக்கொண்டார்கள். படகு முக்கியது, முனகியது, புகை விட்டது.

"போதும், திருப்புப்பா," என்றார் கிருஷ்ணசாமி. புகை தாளாமல் எல்லோரும் முன்பக்கம் போய் உட்கார்ந்தார்கள். நைனாரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து முன்னே போனார்.

எஞ்சின் சத்தம் மாறியது. புகை மெலிந்தது. முகத்தில் காற்று அடித்தது. பின்பக்கம் தூக்கிக்கொண்டு, விசிறி பாதி வெளியே வந்து தண்ணீரை அறைந்து தள்ளிக்கொண்டிருந்தது. படகு விசுக்கென்று பாய்ந்தது.

"அல தள்ளுது," என்றார் கிருஷ்ணசாமி.

அலை இல்லை என்று நைனாருக்குத் தெரியும். இது தண்ணீரை இழுக்கிற சாமான் இல்லை, பாதி வெளியே இருந்து அறைகிற சாமான். கனமான எஞ்சின் அதைக் கொஞ்சம் முக்கியது. இவர் ஆறு அங்குலம் முக்கினார். பின்னால் குந்தி எல்லோருமாகச் சேர்ந்து மிச்சத்தையும் முக்கினார்கள். வாயைத் திறக்காவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. எஞ்சின் லாரியேறிப் போய்விடும், இவர் பேரும் தப்பிக்கும்.

கரையில் முனியம்மாள் இளநீரும் கத்தியுமாக நின்றாள். "பொழுது இன்னும் இருக்குது நைனாரே, ஜல்தியா குடிச்சிடுங்க."

"இரும்மா. முதல்ல ஒண்ணு சொல்லணும்," என்று மணலில் உட்கார்ந்து படம் கீறினார் நைனார். "தப்பு என்னுதுபா. மேல ஏத்த வேண்டியத நான் கீழ எறக்கிக்கினு இருந்தேன். வெல்டிங்கப் பிரிச்சி, முன்ன இருந்ததுக்கும் மேல ஏத்தணும். நாளைக்கே செய்றேன்." புரியவைத்து முடிப்பதற்குள் சூரியன் இறங்கிவிட்டது.

"மூணு வாரமா என் பொழப்ப நீங்களே தண்ணில முக்கிக்கினு இருந்தீங்களா?" என்றார் பெரியதம்பி. குரலில் கோபத்தைவிட அசதிதான் அதிகம். பிறகு கிருஷ்ணசாமி பக்கம் திரும்பி, "வெறும் லாரிய எடுத்துக்கினு போங்க," என்றார்.

நைனார் மேற்கே ஒருதரம் பார்த்துவிட்டு எழுந்தார். முனியம்மாள் வெட்டாத இளநீரை அவருடைய டூல் பெட்டிமேல் வைத்தாள்.

"காலைல குடிச்சிட்டு, சோறும் துன்னுட்டு வாங்க. பசியோட வந்தா மறுபடியும் கீழதான் எறக்குவீங்க."