பேர் எழுதாத புள்ளி

"பொணத்த நடு வூட்ல வெச்சிட்டு கம்ப்யூட்டரு முன்னாடி உக்காந்திருக்கா பாரு! ஊரு சிரிக்காதா?"

தங்கம்மாள் அத்தையின் குரல் அத்தனை அழுகைக்கு நடுவிலும் பிசிறில்லாமல் வந்தது. ஐஸ் பெட்டிக்குள் கிடந்தது அவளுடைய ஒரே அண்ணன் ஜெயராஜ். நேற்று விடியற்காலையில் டீயைப் பாதி குடித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே போய்விட்டார். அத்தைக்கு எரிச்சல் வந்தால் நியாயம்தான். ஆனால் மோகனப்பிரியா திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவை அடக்கம் செய்ய வேண்டிய இடம் அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தது.

வாசலில் குழி வெட்டும் நல்லமுத்து கடப்பாரையோடு நின்றார்.

"பாப்பா, மணி பத்தாவுது. நாலு மணிக்கு எடுக்கறதா ஃபாதர் சொல்லியிருக்காரு. எந்த எடம்னு சொன்னாத்தான் நான் கடப்பாரய போட முடியும். அங்க ஒரு சிலுவ கூட நிக்கல, எல்லாம் வண்டலு மூடிக் கெடக்குது."

"அளவு எடுத்தாறேன்ண்ணே. அஞ்சே நிமிசம்."

அப்பா கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். "என்னய கமலம் பக்கத்துல வெச்சிடு." கமலம் என்கிற அம்மா போய் ஏழு வருஷம் ஆகிறது. போன நவம்பர் மழையில் மணிமுத்தாறு கரையேறி கல்லறைத் தோட்டத்துக்குள் புகுந்து, மரச் சிலுவைகளை எல்லாம் வாரிக்கொண்டு போனது. வாசலோரம் சிமெண்டில் கட்டிய தனக்கோடி டீச்சர் கல்லறை ஒன்றுதான் மிச்சம். மற்றதெல்லாம் துடைத்துவிட்ட பலகை.

ஆனால் வெள்ளத்துக்கு முந்தின கோடையிலேயே ஜெயராஜ் அந்தத் தோட்டத்தை அளந்து வைத்திருந்தார். செராமிக் கம்பெனியில் முப்பது வருஷம் பீங்கான் ஃப்யூஸ் கட்டையை அளந்து பார்த்துக் கழிப்பதுதான் அவர் வேலை. அரை மில்லிமீட்டர் கூடினாலும் குப்பைக்குத்தான். அப்பேர்ப்பட்டவர் ஒரு கல்லறைத் திருநாள் அன்று, கம்மாபுரத்திலிருந்து வந்த ஒருத்தர் தன் தகப்பனார் குழி என்று நினைத்து வேறு யாருடைய குழிக்கோ மெழுகுவத்தி ஏற்றி வைத்து, தேம்பித் தேம்பி அழுததைப் பார்த்துவிட்டார். அவரிடம் போய்ச் சொல்லவும் மனசு வரவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

கோடை வந்ததும் டேப்பை எடுத்தார். வாசல் தூணை மூலையாக வைத்துக்கொண்டு, சுவரோரமாக எத்தனை மீட்டர், உள்ளே எத்தனை மீட்டர் என்று ஒவ்வொரு குழிக்கும் ரெண்டு எண் குறித்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டரில் வேலை பார்க்கும் மகளிடம், இதை எக்செல்லில் ஏற்ற முடியுமா என்று கேட்டார். அவள்தான் அந்த ரெண்டு எண்ணையும் வைத்துப் புள்ளிப் படம் போடக் கற்றுக்கொடுத்தாள். குழிக்கு ஒரு புள்ளி. திரையில் கல்லறைத் தோட்டம் அப்படியே வந்து நின்றது. ஆனால் புள்ளிக்குப் பக்கத்தில் எழுத்துப் போடச் சொன்னால், அந்த எக்செல் உள்பக்க மீட்டர் எண்ணைத்தான் போட்டது. பேரைப் போட அதற்குத் தெரியவில்லை.

"இதுக்கு ஒரு சின்ன புரோகிராம் இருக்குதுப்பா. சென்டர்ல எறக்கியாந்து தரேன். ஒரே நிமிசத்துல எல்லாத்துக்கும் பேரு வந்துடும்."

"வேணாம்மா. நானே ஒண்ணொண்ணா அடிச்சிக்கிறேன்."

"எரநூத்திப் பதினாறுப்பா!"

"இருக்கட்டுமே. செத்ததுக்கப்புறம் இவுங்க பேர யாரு சொல்லியிருக்கா? நானாச்சும் ஒருவாட்டி சொல்லிட்டுப் போறேன்."

ஒரு எண்ணை மவுசால் தட்டினால் எல்லா எண்ணையும் சுற்றிச் சின்னச் சின்னக் கறுப்புக் கட்டம் வரும். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தட்டு தட்டினால்தான் அந்த ஒன்று மட்டும் தனியாகப் பிரிந்து வரும். அப்புறம் அதை அழித்துப் பேரை அடிக்க வேண்டும். அவசரப்பட்டு ரெண்டு தட்டும் சேர்ந்து விழுந்தால் வேறு என்னென்னவோ திறந்துகொள்ளும். ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு பேர்தான் ஆனது. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது, இந்த மனுஷனுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒட்டவே ஒட்டாது என்று அத்தை கேலி செய்தாள். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த பேரை வாய்விட்டுச் சொல்லித் தட்டினார். அந்தக் கோடை முழுக்க வீட்டில் செத்தவர்கள் பேர் கேட்டுக்கொண்டே இருந்தது.

இப்போது கோப்பு திறந்தது. மோகனப்பிரியா அட்டவணையில் அம்மா பேரைத் தேடினாள். கமலம். பக்கத்தில் எண்கள்: 3.10, 2.40.

சுவரோரம் மூணு மீட்டர் என்றால் வாசலை ஒட்டிய இடது ஓரம். அம்மாவை வைத்தது தோட்டத்து நடுவில். பதினேழு வயதில் அழுதுகொண்டே அவ்வளவு தூரம் நடந்தது காலுக்கு இன்னும் நினைவிருந்தது.

பேர்களை மேலிருந்து கீழே பார்த்தாள். எல்லாம் அகர வரிசையில் ஒழுங்காக நின்றன. தெரிந்துவிட்டது. போன மாசம், தேடச் சுலபமாக இருக்கட்டும் என்று அவள்தான் வரிசைப்படுத்தினாள். பேர் இருந்த பத்தியை மட்டும். எண்கள் பழைய இடத்திலேயே நிற்க, பேர்கள் மட்டும் மேலும் கீழும் ஓடி, இருநூற்றுப் பதினாறு பேரும் அடுத்தவர் குழிக்கு மாறிப் படுத்துவிட்டார்கள். அப்படியே சேமித்தும் வைத்துவிட்டாள். சென்டரில் பிள்ளைகளுக்கு எக்செல் சொல்லிக்கொடுக்கும்போது, இந்தத் தப்பை மட்டும் செய்யாதீங்க என்று அவளே எத்தனை தடவை சொல்லியிருப்பாள். அளவு குறித்த நோட்டு வெள்ளத்தில் போன சாமான்களோடு போய்விட்டது.

கமலம் பக்கத்துல. அவர் கேட்டது அவ்வளவுதான். அதையும் தன் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்று நினைத்தபோது, நேற்றிலிருந்து வராத அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"பாப்பா?" என்றார் நல்லமுத்து வாசலிலிருந்து.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தைத் திறந்தாள். வாசலோரப் புள்ளியைப் பார்த்தாள். தனக்கோடி. சிமெண்டுக் கல்லறை நிற்கிற அதே இடம். சரியாக இருந்தது.

அட்டவணையில் பேர் ஓடிப்போனாலும் படத்தில் ஒருத்தரும் அசையவில்லை. புரோகிராம் போட்டிருந்தால் அட்டவணையோடு சேர்ந்து படமும் மாறியிருக்கும். இவை அவர் கையால் அடித்த பேர்கள். அதது அதன் புள்ளியைப் பிடித்துக்கொண்டு நின்றது. பூசைக்கு நடுவில் கோயிலுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி, அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

நடுவில் கமலம் இருந்தாள். அவளுக்கு வலப்பக்கம் ஒட்டினாற்போல் இன்னொரு புள்ளி. அதற்குப் பேர் இல்லை. 14.6 என்று எண் மட்டும் நின்றது.

முதலில் அப்பா ஒன்றை விட்டுவிட்டாரோ என்றுதான் நினைத்தாள். அரை மில்லிமீட்டரை விடாதவர் ஒரு ஆளை விடுவாரா? புள்ளிகளை எண்ணினாள். இருநூற்றுப் பதினேழு. புதைத்தவர்கள் இருநூற்றுப் பதினாறு. எண்ணி முடித்தவள் கையை மவுசிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு அந்தப் புள்ளிமேல் மவுசை நிறுத்தினாள். 22.35, 14.6 என்று காட்டியது. உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, அப்பாவின் டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்கடி போற?"

"அப்பாவுக்கு எடம் காட்டிட்டு வந்துடறேன் அத்த."

கல்லறைத் தோட்டத்தில் வண்டல் காய்ந்து வெடித்துக் கிடந்தது. தூணின் அடியில் டேப்பின் நுனியை நல்லமுத்து மிதித்துக்கொள்ள, அவள் இழுத்துக்கொண்டே போனாள். இருபத்தி ரெண்டு முப்பத்தஞ்சு. அங்கிருந்து உள்ளே பதினாலு அறுபது. நின்று, செருப்பால் ஒரு கோடு கிழித்தாள்.

"கம்ப்யூட்டரு சொல்றத நம்பி வெட்டச் சொல்றியா? வேற யாரு தலமாட்டுலயாச்சும் கடப்பார எறங்கிச்சின்னா பாவம் எனக்குத்தான் வரும் பாப்பா."

"கம்ப்யூட்டரு சொல்லலண்ணே. எங்கப்பா அளந்தது."

நல்லமுத்து சிலுவை போட்டுக்கொண்டு வெட்ட ஆரம்பித்தார். வண்டல் போய்ச் செம்மண் வந்தது. முட்டி ஆழம் இறங்கியதும், குழியின் இடப்பக்கச் சுவரில் மண்வெட்டி பட்டு 'ணங்' என்றது. அவர் குனிந்து கையாலேயே மண்ணை விலக்கினார்.

வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது. பீங்கான் கட்டை. கரண்டுக் கம்பத்தில் வைப்பது. அவளுக்கு எல்லாம் நினைவு வந்தது. அம்மாவை வைத்த அன்று, கம்பெனியில் கழித்துப்போட்ட நாலு கட்டைகளைப் பையில் கொண்டுவந்து, நாலு மூலைக்கும் அப்பா குத்தி நட்டார். சிலுவை மக்கிப்போகும், இது போகாது என்று யாரிடமோ சொன்னார். ஏழு வருஷ மண்ணும் ஒரு வெள்ளமும் அதன் பளபளப்பில் ஒரு கீறல் போடவில்லை.

நல்லமுத்து தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"ஒரு சாண் தள்ளியிருந்தா அம்மாவோட குழியே ஒடஞ்சிருக்கும். மனுசன் எப்பிடி அளந்திருக்காரு பாரேன்!" என்றார்.

"அத எடுக்காதீங்கண்ணே. அப்பிடியே இருக்கட்டும்."

நாலு மணிக்கு எடுத்தார்கள். ஃபாதர் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார், எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள், அத்தையை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். திரும்பி வந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஐஸ் பெட்டி இருந்த இடம் மட்டும் இன்னும் காயவில்லை.

காலையில் அணைக்காமல் போன கம்ப்யூட்டர் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. மோகனப்பிரியா தலையைக்கூடத் துவட்டாமல் வந்து உட்கார்ந்தாள். அத்தை கையில் காபியோடு பின்னால் வந்து நின்றாள். காபியை மேசைமேல் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

14.6 மேல் ஒரு தட்டு தட்டினாள். இருநூற்றுப் பதினேழு பேரையும் சுற்றிக் கறுப்புக் கட்டங்கள் வந்தன. அப்பா சொல்வதுபோல் கொஞ்சம் பொறுத்து இன்னொரு தட்டு தட்டினாள். மற்றவர்களுக்கெல்லாம் கட்டம் போய், அந்த ஒன்று மட்டும் தனியே நின்றது.

எண்ணை அழித்தாள். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள்.