பரண் நிறைய வாளிகள்

ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கிற லாட்ஜுக்கு ஆள் வந்தால் கூடவே ஒரு வாளியும் வரும். நோயாளியைச் சேர்த்துவிட்டு, துணைக்கு வந்தவர் தெருவில் இறங்கி வாளி, பாய், சின்னதாய் ஓர் அடுப்பு என்று வாங்கிக்கொண்டு அறைக்கு வருவார். ஊர் திரும்பும்போது அதையெல்லாம் எதற்குச் சுமப்பானேன் என்று, "அக்கா, செக்கப்புக்கு வரும்போது எடுத்துக்கறோம்" என்று லாட்ஜ்காரியிடமே விட்டுவிட்டுப் போவார். அவள் வாளியின் வயிற்றில் கறுப்புப் பெயிண்டால் அறை எண்ணையும் போன் நம்பரையும் எழுதி, மாடிப்படிக்கு மேலிருக்கும் பரணில் ஏற்றிவிடுவாள். அந்தத் தெரு லாட்ஜுகளில் எல்லாம் இதுதான் நடைமுறை.

இதய வைத்தியத்துக்கு வந்தவர்கள் சொன்னபடி திரும்பி வந்தார்கள். முழங்கால் மாற்றிக்கொண்டவர்கள் தங்கள் காலாலேயே படி ஏறி வந்து வாளியை வாங்கிக்கொண்டார்கள். புதுக் கட்டடம் திறந்து, அதில் நடுக்கத்துக்கு வைத்தியம் ஆரம்பித்த பிறகுதான் பரண் நிரம்ப ஆரம்பித்தது.

அது புது மாதிரியான வைத்தியம். மண்டையில் சின்னத் துளை போட்டு, தலைமுடி மாதிரி மெல்லிசாக ஒரு கம்பியை உள்ளே இறக்குவார்கள். அந்தக் கம்பிக்கு மின்சாரம் கொடுக்க, தோள்பட்டைக்குக் கீழே தோலுக்குள் ஒரு வில்லையைப் பதிப்பார்கள். தண்ணீர் டம்ளரைப் பிடிக்க முடியாமல் வந்தவர், போகும்போது தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போவார். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். முன்பு லாரி நிறுத்துகிற பொட்டலாகக் கிடந்த தெருவில் மருந்துக் கடை, ரத்தப் பரிசோதனைக் கூடம், சாப்பாட்டுக் கடை, சக்கர நாற்காலி வாடகைக்கு விடுகிற கடை என்று இடுக்கு விடாமல் முளைத்தன. தெருவில் எரிகிற அத்தனை அடுப்புக்கும் ஆஸ்பத்திரிதான் நெருப்பு.

"உன் பரண் கதவு சாத்த மாட்டேங்குது. பேசாம கீழே ஒரு பக்கெட் கடை போட்டுரு" என்றார் லாட்ஜ்காரியின் புருஷன். "லாட்ஜை விட அது நல்லா ஓடும்."

"நீங்க முதல்ல வாயைச் சாத்துங்க. பரணை அப்புறம் பாத்துக்கலாம்."

அவர் தையல்காரர். ஆஸ்பத்திரி நோயாளிகள் போடுகிற பச்சை அங்கி முழுக்க ஒரு காலத்தில் அவர் மிஷினில் தைத்ததுதான். வலது கையில் நடுக்கம் வந்தபிறகு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. வெட்டப் போனால் கத்தரி கோணிக்கொண்டு போயிற்று. இப்போது லாட்ஜ் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களைக் கிண்டல் செய்வதுதான் அவர் வேலை. கை விட்டதையெல்லாம் வாய் பிடித்துக்கொண்டது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அவள் போடுகிற டீயை அவர் ஒரு நாளாவது சும்மா குடித்ததில்லை. "இது டீயா, டம்ளர் கழுவின தண்ணியா?" என்று கேட்காமல் முதல் மடக்கு உள்ளே இறங்காது.

ஒரு நாள் காலையில் மருந்துக்கடைக்காரர் வேகமாகத் தெருவைக் கடந்து வந்தார். வியாபாரிகள் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். முகமெல்லாம் பல்.

"தங்கச்சி, உனக்கு நல்ல காலம். இன்னொரு கட்டடம் கட்டப் போறாங்க. பணம் போடறவங்க நேர்ல பார்க்க வராங்க. அவங்ககிட்டக் காட்ட உள்ளூர் ஆள் ஒருத்தர் வேணுமாம். நான் மச்சான் பேரைக் கொடுத்துட்டேன். வைத்தியம் எல்லாம் இலவசம்."

தையல்காரர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். நடுங்குகிற கையை இடது கையால் அமுக்கிக்கொண்டு, "நிஜமாவா?" என்றார். குரலில் கிண்டலே இல்லை. அவளுக்கு மட்டும் கண் தன்னையறியாமல் பரணுக்குப் போயிற்று.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். நடுக்கத்துக்கு வந்தவங்க யாருமே செக்கப்புக்குத் திரும்பி வரலியே, ஏன்?"

"குணமானவன் எதுக்கும்மா ஆஸ்பத்திரிப் பக்கம் வரணும்? இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்று சிரித்தார் அவர். "இப்பெல்லாம் செக்கப்பும் போன்லயே முடிஞ்சு போகுது. வில்லையை இங்கிருந்தே திருகிச் சரி பண்ணிடறாங்க. அவ்வளவு முன்னேறியாச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா இந்தச் சந்தேகத்தை வெளியே விட்டுராதே. கட்டடம் வேற ஊருக்குப் போச்சுன்னா, இந்தத் தெருவுல ஈ ஓட்டறதுக்குக்கூட ஆள் இருக்காது."

சொன்னது சிரித்த முகத்தோடுதான்.

அவர் போனதும் அவள் ஏணியைப் போட்டுப் பரணில் ஏறினாள். முன்னால் நின்றது ஏழாம் அறை வாத்தியாரின் மஞ்சள் வாளி. வாத்தியாரை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வைத்தியம் முடிந்து கிளம்புகிற நாளில் வாசலில் நின்று, தன் பெயரை அழகாக எழுதி அவளிடம் காட்டிவிட்டுப் போனவர். வாளியில் இருந்த நம்பருக்கு, ஸ்பீக்கரைப் போட்டுப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த வாளி, அதற்கடுத்த வாளி. ஒன்று அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இன்னொன்றில் யாரோ எடுத்து, "ஆஸ்பத்திரியா? நடுக்கம் இல்ல, நல்லா இருக்காரு" என்று ஒப்பித்துவிட்டு, அவள் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டார்கள்.

"பாத்தியா? நல்லா இருக்காங்களாம்" என்றார் புருஷன் கீழே நின்றபடி.

"அந்தக் குரல் நல்லா இல்லீங்க. கொஞ்ச நாள் பொறுத்துப் பாப்போமே. வாத்தியார் வீட்டுலேர்ந்து கூப்பிடட்டும்."

"வந்தவங்க அத்தனை பேருக்கும் தைரியம் சொன்னவ நீ. 'தைரியமா சேருங்க, குணமாகும்'னு இதே மேஜைல நின்னுதானே சொன்னே? அவங்கல்லாம் அடுத்தவங்கன்னா சொல்லலாம், நான்னா கூடாதா?"

பொய் என்று நினைத்து அவள் சொல்லவில்லை. தெருவே சொன்னதை அவளும் சொன்னாள். அறையும் நிறைந்தது.

அவர் மெதுவாக நடுங்குகிற கையை அவள் முன்னால் நீட்டினார். "இதோட எத்தனை காலம் உக்காந்திருக்கறது? ஒரு சட்டை தைக்கணும்மா. ஒண்ணே ஒண்ணு."

அதற்குமேல் அவளால் மறுக்க முடியவில்லை.

வைத்தியம் குறை சொல்ல முடியாதபடி முடிந்தது. கோட்டுப் போட்டவர்கள் கூடியிருந்த ஹாலில் தையல்காரர் ஊசியை உயர்த்திப் பிடித்து ஒரே தடவையில் நூலைக் கோத்தார். கைதட்டல் தெருவரை கேட்டது. புதுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும் இயந்திரம் வந்து நின்றது. நோயாளிகளை நேரே கூட்டிக்கொண்டு லாட்ஜுக்கு வந்தார் மருந்துக்கடைக்காரர். "மச்சான், ஒரு தடவை கோத்துக் காட்டுங்க" என்பார். தையல்காரர் கோத்துக் காட்டுவார். வந்தவர்களுக்குக் கண் கலங்கிவிடும்; உடனே அறை எடுப்பார்கள்.

வீட்டிலும் சண்டை இல்லை, சச்சரவு இல்லை. மிஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தாள். அவர் அதன் பக்கம் போகவில்லை. உடம்பு தேறட்டும் என்று விட்டுவிட்டாள். அவருடைய வாயும் அடங்கிவிட்டது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு இப்போதாவது ஆண்டவன் கண் திறந்தானே என்று முதலில் சந்தோஷப்படக்கூடச் செய்தாள்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் போன் வந்தது.

"லாட்ஜ் அக்காவா? ஏழாம் ரூம்ல இருந்தமே, வாத்தியார் வீட்டம்மா பேசறேன். நீங்க கூப்பிட்டிருந்தீங்க. ஆஸ்பத்திரியோன்னு நினைச்சு எடுக்கல. உங்க நம்பர்னு இப்பதான் தெரிஞ்சுச்சு."

"வாத்தியார் எப்படிம்மா இருக்காரு?"

"நடுக்கம் இல்லக்கா."

"அது சரி. ஆள் எப்படி இருக்காரு?"

எதிர்ப்பக்கம் அந்த அம்மாள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "இப்படி நீங்க ஒருத்தர்தான்க்கா கேக்கறீங்க. ஆஸ்பத்திரிக்காரங்க போன் பண்ணி 'கை நடுங்குதா'ன்னு கேப்பாங்க. இல்லைம்பேன். 'ரொம்ப சந்தோஷம்'னு வச்சுருவாங்க. வேற ஒண்ணும் கேக்க மாட்டாங்க. உக்காருங்கன்னா உக்காருவாரு. எந்திரிங்கன்னாத்தான் எந்திரிப்பாரு. சொல்லலேன்னா சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருப்பாரு. பசிக்குதுன்னுகூடக் கேக்கறதில்ல. வீட்டையே தலைகீழாக்கற மனுஷன்க்கா அவரு."

"எப்போலேர்ந்து இப்படி?"

"அதான் தெரியல. முதல்ல சண்டை போடறதை நிறுத்தினாரு. எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு." பிறகு, "அந்தப் பக்கெட்டை யாருக்காவது கொடுத்துருங்க. நாங்க எங்க வரப் போறோம்" என்றாள்.

லாட்ஜ்காரி ஈரத்துணியைக் கொடியில் போடாமலேயே சமையலறைக்குப் போனாள். டீ போட்டாள். சர்க்கரை டப்பாவைத் திறந்தவள் மூடிவிட்டு, உப்பு ஜாடியை எடுத்தாள். கை நிறைய அள்ளிப் போட்டுக் கலக்கினாள். அவள் கைதான் நடுங்கியது.

மேஜைக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்தார். டம்ளரை வைத்தாள், அவர் பார்த்துக்கொண்டிருந்தார். "குடிங்க" என்றாள். எடுத்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஒரு மடக்கு, இரண்டு மடக்கு. முகத்தில் ஒரு சுளிப்பு ஓடி உடனே மறைந்தது. அடி வண்டல் வரை குடித்துவிட்டு டம்ளரை வைத்த இடத்திலேயே வைத்தார்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு" என்றார்.

"ஏதாவது சொல்லுங்களேன். டம்ளர் கழுவின தண்ணின்னாவது சொல்லுங்களேன்."

"டம்ளர் கழுவின தண்ணி" என்றார் அவர், பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

அவள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. மருந்துக்கடைக்காரர் ஒரு தம்பதியை அழைத்து வந்தார். அந்த ஆளின் தலையும் கையும் ஆடிக்கொண்டே இருந்தன. மனைவி ஒரு கையால் அவரையும் மறுகையில் புதுப் பச்சை வாளியையும் பிடித்திருந்தாள்.

"தங்கச்சி, இவங்களுக்கு நல்ல ரூமாக் கொடு. மச்சான், நூலைக் கோத்துக் காட்டுங்க."

தையல்காரர் ஊசியை எடுத்தார். நூல் ஒரே தடவையில் உள்ளே போயிற்று. "கை என்னமா நிக்குது பாருங்க!" என்று தன் புருஷனின் காதோரம் சொன்னாள் வந்தவள். பிறகு லாட்ஜ்காரியைப் பார்த்து, "இவருக்கும் இப்படி ஆயிரும்ல, அக்கா?" என்றாள்.

"ரூம் இல்ல" என்றாள் லாட்ஜ்காரி.

அவள் தலைக்குப் பின்னால் பலகையில் சாவிகள் வரிசையாகத் தொங்கின. மருந்துக்கடைக்காரர் அதையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது.

"தங்கச்சிக்கு உடம்பு சரியில்ல போலிருக்கு" என்றார் நிதானமாக. "பரவாயில்ல. மச்சான், அந்தப் பக்கெட்டை வாங்குங்க. எதிர்வரிசை லாட்ஜுல இவங்களைக் கொண்டுபோய் விடுங்க."

தையல்காரர் எழுந்தார். அந்த அம்மாளின் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். தம்பதி பின்னாலேயே படி இறங்கினார்கள்.

"என்னங்க, நில்லுங்க!" என்று கத்தினாள் அவள்.

அவர் நின்றார், நடுத்தெருவில்.

"போங்க மச்சான்" என்றார் மருந்துக்கடைக்காரர். தையல்காரர் ஓர் அடி எடுத்து வைத்தார்.

"நில்லுங்க!"

வைத்த அடி அங்கேயே நின்றது. ஆஸ்பத்திரி வாசலை நோக்கி ஓர் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு வந்து, அவருக்கு ஒரு முழம் முன்னால் கிறீச்சென்று பிரேக் போட்டது. ஓட்டுநர் தலையை நீட்டித் திட்டினான். தையல்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையில் வாளி துளி ஆடாமல், அடுத்த சொல் வருவதற்காகக் காத்து நின்றார்.

லாட்ஜ்காரி ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்தாள். மருந்துக்கடைக்காரர் படியில் நின்றபடி அந்தத் தம்பதியைச் சிரித்த முகத்தோடு கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வந்தவள் அவரைப் பார்க்கவில்லை. ஹாரனுக்கு நடுவே அசையாமல் நின்ற மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை மெல்ல நகர்ந்து, ஆடிக்கொண்டிருந்த தன் புருஷனின் மணிக்கட்டை இறுகப் பற்றியது.